அலமாரியில இல்லாத சர்ட்டிபிக்கேட்டு

நைட் டூட்டி முடிஞ்சு காலைல ஏழரைக்கு அமரவிளை வீட்டுக்குள்ள வந்த சிஜி, செருப்பக்கூட நேராட்டு கழத்தல.

"எட்டி ரேஷ்மி, முடிவு செய்தாச்சு. திருவனந்தபுரத்துல உள்ள கோடிங் கோர்ஸ்தான். அங்க படிச்ச மூணு பேரிட்ட பேசினேன். ஒருத்தி என்னப்போல நர்ஸாக்கும், இப்பம் கம்பெனில இருக்கா. எட்டு மாசம் நாய் படாத பாடு படணும், அதுக்குப் பெறவும் வேலைய நீதான் தேடணும்ணு சொல்லிட்டா. ஒருத்தியாவது உண்மையச் சொன்னாளே! இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சர்ட்டிபிக்கேட்ட ஸ்கேன் செய்து அனுப்பணும். இல்லேண்ணா சீட்டு போச்சு."

ரேஷ்மி புட்டுத் தட்ட ஒதுக்கி வச்சா. பிளஸ் டூ படிக்கிற பிள்ள. இந்தப் பேச்சு வரப்பிடாதுண்ணு நாலு நாளாட்டு ஜெபிச்சிட்டுக் கெடந்தா.

அக்கா நாலு வருசமாட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரில நர்ஸ். ராத்திரி ஆனா முப்பது பேசண்டுக்கு ரெண்டு நர்ஸ். இத விட்டுட்டு வேற வேலைக்குப் போவணும்ணு அவ கோர்ஸ் தேடத் தொடங்கினப்போ, ரீல்ஸ்ல பாத்து ஒண்ணக் காட்டிக் குடுத்தது ரேஷ்மிதான். நெய்யாற்றின்கரைல ஒரு பேக்கரிக்கு மேல உள்ள சென்டர். 'வேலை உறுதி, வேலை கிடைச்ச பெறவு பீஸ் தந்தா போதும்'ணு அதுல ஒரு பெண்ணு சிரிச்சிட்டே சொன்னா.

சிஜி அலமாரியத் தொறந்தா. பச்ச பைலு இல்ல.

"அம்மா எடுத்தாளா?"

அம்மா சுகுமாரி தொழிலுறப்புக்கு, அந்த நூறு நாள் வேலைக்குப் போயாச்சு. பழிய அம்மா பேர்ல போட்டிருக்கலாம். ரேஷ்மி போடல.

"அக்கா... நான் குடுத்துப்போட்டேன். பேக்கரிக்கு மேல உள்ளவியளுக்கு. கடைசி சீட்டுண்ணு போன் வந்து. நீ டூட்டில இருந்த. ஒரிஜினல் குடுத்தா சீட்டு நிக்கும்ணு சொன்னாவ. நீ நர்சிங் சேரும்போ அம்மாவும் அப்பிடித்தானே குடுத்தா?"

அப்பிடித்தான் குடுத்தா. மார்த்தாண்டம் பக்கம் நர்சிங்குக்குப் போற பிள்ளியளெல்லாம் பத்தாங்கிளாஸ் மார்க் புக்கு முதல் எல்லாத்தையும் ஆபீஸ்ல குடுத்துட்டு நாலு வருசம் கழிஞ்சுதான் வாங்கும். எதுக்குண்ணு ஒருத்தரும் கேட்டது இல்ல.

சிஜி அடிக்கல. ரெண்டு அடி அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்ணு ரேஷ்மிக்குத் தோணிச்சு.

"டிரஸ்ஸ மாத்து."

பேக்கரிக்கு மேல மேனேஜர் ராஜதாஸ் கம்ப்யூட்டர்ல இருந்து தலைய எடுக்காமச் சொன்னான்: "சேச்சி, சீட்டு புக் ஆயாச்சு. கேன்சல் செய்யணும்ணா பாதி பீஸ் கெட்டணும். அதாணு ரூல்."

"நான் ஒரு பேப்பர்லயும் ஒப்பு போடல."

"தங்கச்சி போட்டாளே."

"அவளுக்குப் பதினேழு வயசாக்கும்!"

"அதினு ஞான் எந்து செய்யான்?" ராஜதாஸ் கைய விரிச்சான்.

சிஜி மேசைல கைய ஊனினா.

"சரி. இங்க படிச்சு வேலைக்குப் போன ஒருத்தனுக்க நம்பரத் தா."

"அது பிரைவசி."

"ரீல்ஸ்ல சிரிக்காளே, அவளுக்க நம்பரத் தா."

"அது... மாடல்."

சிஜி பெறவு அவங்கிட்ட பேசல. நேரே போய் கிளாஸ் ரூம் கதவத் தள்ளித் தொறந்தா. உள்ள பத்துப் பன்னிரண்டு பேர்.

"ஒரிஜினல் சர்ட்டிபிக்கேட்டு குடுத்தவிய கையத் தூக்குங்க!"

ஒருத்தர ஒருத்தர் பாத்தாவ. ஒரு கை ஒசந்து, பெறவு ஒண்ணொண்ணாட்டு மொத்தம் ஒம்பது கை.

"நாளைக்கு வேற எடத்துல இன்டர்வியூ வந்தா என்னத்தக் கொண்டு காட்டுவிய? மொகத்தையா?"

டைல்ஸ் வேலையும் பாத்துக்கிட்டு படிக்க வாற நிஜின்ணு ஒரு பையன் முதல்ல எழும்பி ராஜதாஸப் பாத்தான். "சேட்டா, எனக்கதையும் எடுங்க." அவனுக்குப் பொறத்தால பெஞ்சு முழுக்க எழும்பிச்சு.

"இதென்ன சந்தையா?" ராஜதாஸ் சாடி எழும்பினான்.

"சந்தைல மீன்காரி செவுளத் தூக்கிக் காட்டித்தானவே விக்கா! நீரு என்னத்தக் காட்டினீரு?"

மேசையச் சுத்தி ஒம்பது பேர். நிஜின் போலீஸ் ஸ்டேசனுக்குப் போன் போடட்டாண்ணு கேட்டான். ராஜதாஸ் வாய்க்குள்ள என்னவோ முனங்கிக்கிட்டு பீரோவத் தொறந்து, பச்ச பைல மேசைல எறிஞ்சான். சிஜி ஒண்ணொண்ணாட்டு மறிச்சுப் பாத்தா. எல்லாம் உண்டு. அவ எறங்கும்போ மத்தவிய தங்களுக்க பைலக் கேட்டு, பேரச் சொல்லி சத்தம் போட்டுக்கிட்டு நின்னாவ.

அக்ஷயா சென்டர்ல ஸ்கேன் செய்து அனுப்பி, திருவனந்தபுரத்துல இருந்து 'கிடைச்சு'ண்ணு பதில் வந்த பெறவுதான் சிஜி தங்கச்சி மொகத்தப் பாத்தா.

"ஏன்ட்டி என்னிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"நீ அந்த ஆஸ்பத்திரில இருந்து சீக்கிரம் வெளிய வரணும்ணு..." ரேஷ்மிக்கு ஏங்கி ஏங்கி வந்து. "டூட்டி முடிஞ்சு வந்து, நீ பாத்ரூம்ல பைப்பத் தொறந்து விட்டுட்டு அழுறது எனக்குக் கேக்கும்."

சிஜிக்க வாய் கோணிச்சு. ஒடனே பல்லக் கடிச்சா.

"அதுக்கு எனக்க வாழ்க்கையக் கொண்டு எவங்கிட்டயோ குடுப்பியா? நாலு நாளு மறைச்சு வச்ச பாத்தியா, அதாக்கும் எனக்குச் சகிக்கல. பேசாத. இப்பம் எங்கிட்ட பேசாத."

பஸ்ஸு வந்து. சிஜிக்குப் பக்கத்துல சீட்டு சும்மா கெடந்து. இருண்ணு அவ சொல்லல. ரேஷ்மி அமரவிளை வரைக்கும் கம்பியப் பிடிச்சிட்டே நின்னா.