இரண்டு பேர் குறைவு

தாளில் இரண்டே கட்டங்கள். ஒன்றின் மேல் ‘கூடுதல்’ என்றும் மற்றதன் மேல் ‘குறைவு’ என்றும் அச்சிட்டிருந்தது. குறைவில் டிக் அடிக்க வேண்டிய லேனி கோகர் கூடுதலில் அடித்தாள். கை தவறி நடந்ததல்ல. தெரிந்தேதான் அடித்தாள்.

மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, ஹாலட் ஃபோர்க் ஊர் அலுவலகத்தின் பின்னறையில் அது நடந்தது. மாநில வளர்ச்சித் துறையிலிருந்து டக்கெட் என்ற அதிகாரி மூன்று மணி நேரம் மலைப்பாதையில் காரோட்டி வந்திருந்தார். ஊருக்குப் புதிய தண்ணீர்க் குழாய் வேண்டும். நிலக்கரிக் கம்பெனி ஊரைக் கட்டியபோது போட்ட குழாய்கள்தான் இன்னும் மண்ணுக்குள் கிடந்தன. குழாயைத் திறந்தால் காப்பி நிறத்தில் வரும். வெள்ளைத் துணி துவைக்க வேண்டுமென்றால் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். புதுக் குழாய்க்குத் துறை பணம் தரும். ஆனால் ஊரில் நூற்றுக்கு ஐம்பத்தொரு பேராவது வருமானம் குறைந்த குடும்பத்தினர் என்று வீடு வீடாகக் கேட்டுக் காட்ட வேண்டும்.

“என்ன சம்பாதிக்கிறீங்கன்னு யாரையும் கேக்கவே கூடாது,” என்றார் டக்கெட். “வீட்ல எத்தனை பேருன்னு மட்டும் கேளுங்க. அத்தனை பேருக்கு நேரா தாள்ல ஒரு தொகை போட்டிருக்கும். வருமானம் அதுக்கு மேலயா கீழயான்னு அவங்களே டிக் அடிச்சு, மடிச்சு, பெட்டியில போட்டுடணும். பேரு கிடையாது, வீட்டுக்கு ஒரு நம்பர்தான். முதல்ல உங்க உங்க வீட்டுத் தாளை நீங்களே நிரப்பிப் பாருங்க. வாசல்ல நிக்கிறவங்களுக்கு எப்படி இருக்கும்னு அப்பதான் புரியும்.”

கணக்கெடுக்க மூன்று பேரைப் பிடித்திருந்தார்கள். லேனிக்கு இருபத்துமூன்று வயது. பகலில் மருந்துக் கடையில் வேலை, வாரத்தில் மூன்று மாலை கல்லூரியில் கணக்கியல் வகுப்பு. ஊர் எழுத்தர் நெல்டா அவளை எல்லோருக்கும் காட்டி, “எங்க ஊர்ல கூட்டல் தப்பில்லாம போடுற ஒரே ஆளு இந்தப் பொண்ணுதான்,” என்று சொல்லியிருந்தாள். லேனிக்குப் பக்கத்து நாற்காலியில், குழாய் வரைபடம் போட வந்த பொறியாளர் கம்பெனிப் பையன் கோரி உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. நெல்டா சொன்னதைக் கேட்டு அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தவன்.

வீட்டில் மூன்று பேர். அம்மா வாண்டாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் அரை நாள் வேலை. அம்மாவின் அண்ணன் ராய், சுரங்கத் தூசி நெஞ்சில் ஏறி, ஆறு வருடமாக ஆக்சிஜன் குழாயோடு நாற்காலியில். மூன்று பேருக்கு நேரே தாளில் இருந்த தொகையை லேனி பார்த்தாள். மூவர் வருமானத்தையும் சேர்த்தால் அதில் பாதியைத் தாண்டினாலே பெரிது. தாள் மேசைமேல் விரிந்து கிடந்தது. கோரியின் முழங்கை அவளுடைய முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பேனா தானாகவே மேல் கட்டத்துக்குப் போய்விட்டது.

தாளை மடித்துப் பெட்டியில் போட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். கோரி ஜன்னல் வழியாக யாருடைய காரையோ பார்த்துக்கொண்டிருந்தான். தாள் அவன் கண்ணில் பட்டதா என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

ஊரில் நூற்றுப் பதினெட்டு வீடுகள். அவள் பங்குக்கு நாற்பத்தொன்று வந்தது. ஒவ்வொரு வாசலிலும் சொல்ல ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து, கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். “இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. எங்க வீட்டுத் தாளைத்தான் நான் முதல்ல நிரப்பினேன்.” இரண்டும் சொல்லுக்குச் சொல் உண்மை. அதனால்தான் நாற்பத்தொரு தடவையும் தடுமாறாமல் வந்தது.

எழுபத்தொன்றாம் நம்பர் ஹோபர்ட் சைப்ஸின் வீடு. அவரும் மனைவி ஓப்பலும் மட்டும். கிறிஸ்துமஸுக்கு சர்ச்சிலிருந்து வரும் உணவுப் பெட்டியை ‘இல்லாதவங்களுக்குக் குடுங்க’ என்று வருடா வருடம் திருப்பி அனுப்புகிறவர். கதவைப் பாதி திறந்து, உள்ளே டிவி முன்னால் இருந்த மனைவிக்குக் கேட்காத குரலில் பேசினார்.

“யாரு யாரு பாப்பாங்க?”

“யாரும் பாக்க மாட்டாங்க, மிஸ்டர் சைப்ஸ். நம்பர்தான்.”

“நீ பாப்பியே.”

“நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.” பிறகு தன் வாக்கியத்தைச் சொன்னாள்.

அவர் அவளை நிதானமாகப் பார்த்தார். “வாண்டா பொண்ணு நீ. உங்க வீட்ல நிரப்பியாச்சுங்கிற.”

“முதல் தாளே எங்களுதுதான்.”

அவள் திரும்பிக்கொண்டு, அவருடைய பழைய டிரக்கைப் பார்த்தபடி நின்றாள். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு பேனா அழுந்துகிற ஓசை. தாளைக் கதவின்மேல் வைத்து எழுதியிருக்க வேண்டும். நான்காக மடித்து நீட்டினார். “போ,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம், நெல்டாவும் லேனியும் பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். நெல்டா தாளைப் பிரித்துத் தள்ள, லேனி கோடு போட்டாள். எழுபத்தொன்றாம் தாளில் ‘குறைவு’ கட்டத்தில் ஓட்டை விழுந்திருந்தது. அவ்வளவு அழுத்தியிருக்கிறார். நெல்டா நம்பர்களைப் பார்க்கவில்லை, கட்டத்தை மட்டும் படித்துச் சொன்னாள். லேனி பார்த்தாள். முதலாம் நம்பர் தாள் வந்தபோது, “மூணு பேர், கூடுதல்,” என்று நெல்டா சொல்ல, தன் கையால் தானே கோடு போட்டாள்.

ஊரில் மொத்தம் இருநூற்று அறுபத்துமூன்று பேர். நூற்று முப்பத்தைந்து பேர் தேவை. வந்தது நூற்று முப்பத்துமூன்று.

இரண்டாவது முறை எண்ணினார்கள். மூன்றாவது முறையும். பிறகு நெல்டா டக்கெட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ரெண்டே பேரா?” என்றார் டக்கெட். அவருக்கும் வருத்தமாக இருந்தது குரலில் தெரிந்தது. “நாங்க யாரையும் மாத்தச் சொல்ல முடியாது. நீங்களும் போய்க் கேக்கக் கூடாது. ஆனா ஒரு வீட்டுக்காரங்க, நாங்க போட்டது தப்புன்னு அவங்களா வந்தா, வேற தாள் நிரப்பலாம். ஏன் மாத்துறோம்னு எழுதி, வீட்டுப் பெரியவங்க கையெழுத்துப் போடணும். திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான். அதுக்கப்புறம் இந்த வருஷப் பணம் வேற ஊருக்குப் போயிடும்.”

போனை வைத்துவிட்டு நெல்டா நாற்காலியில் சாய்ந்தாள். “ரெண்டு பேர். கண்ணு, ரெண்டு பேரு இருக்கிற வீடு எது, மானம் ரோஷம்னு குதிக்கிறவன் வீடு எது? ஹோபர்ட் சைப்ஸ். அந்த ஆளு சவப்பெட்டியில படுத்தாக்கூட எனக்கு இது வேண்டாம், இல்லாதவனுக்குக் குடுன்னுதான் சொல்லுவான்.”

லேனி பென்சிலைத் துடைத்தாள். பென்சிலைத் துடைக்கத் தேவையில்லை.

“என்ன, நான் சொல்றது சரிதானே?”

“தாளைப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, மிஸ் நெல்டா,” என்றாள் லேனி. விதியைச் சொன்னாள். விதிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள் என்று சொல்வதுதான் சரி. ‘அவர் இல்லை’ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும்.

வியாழக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, ஹோபர்ட்டால்தான் குழாய் போயிற்றென்று. மருந்துக் கடையில் லேனியின் கண் முன்னாலேயே இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். ஹோபர்ட் தன் பக்கத்தைச் சொல்ல வேண்டுமானால், நான் ஏழை என்று எழுதினேன் என்று ஊர் நடுவில் சொல்ல வேண்டும். அதை அவர் சொல்ல மாட்டார் என்பது லேனிக்குத் தெரியும். வகுப்புக்குப் போனாள். ஆசிரியர் பலகையில் போட்ட கணக்கை ஒரு பிழையும் இல்லாமல் எழுதிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது, நோட்டின் கடைசிப் பக்கத்தில், சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நடுவில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தாள். சொல்லாவிட்டால் என்ற பக்கத்தில் ‘ஹோபர்ட்’ என்று எழுதினாள். மற்றப் பக்கத்தில் எழுத வந்த காரணங்கள் எல்லாம் அவளைப் பற்றியே இருந்தன. நோட்டை மூடிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் சொன்னாள். பீன்ஸும் சோள ரொட்டியும் ஆறிக்கொண்டிருந்தன. அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நம்ம வீட்டுத் தாள்லயா?”

“ஆமாம்மா.”

“கூடுதல்னா போட்ட?”

ராய் மாமா ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு, “நாம வசதியான குடும்பம்னு இத்தனை வருஷமா என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே,” என்றார். “தெரிஞ்சிருந்தா நல்ல நாற்காலியா வாங்கியிருப்பேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதற்காகச் சொல்லவில்லை.

“எனக்கு என்ன புரியலன்னா,” என்றாள் அம்மா, “யாருகிட்டேருந்து மறைச்ச? பள்ளிக்கூடத்துல மிஞ்சுற பாலை நான் பையில போட்டுக் கொண்டுவர்றது பால் வண்டிக்காரனுக்கே தெரியும். சமையக்கட்டுல நிக்கிறதுக்கு நான் வெட்கப்பட்டதில்ல. நீ எனக்காக வெட்கப்பட்டியா?”

லேனி, பக்கத்து நாற்காலியில் ஒருவன் இருந்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதைவிடக் கேவலமாக எதுவும் காதில் விழாது என்று தோன்றியது. மறு தாளை மேசைமேல் வைத்தாள். ‘காரணம்’ என்ற வரியில் ‘பார்க்கத் தவறிவிட்டது’ என்று எழுதியிருந்தாள். அம்மா படித்தாள்.

“தவறிடுச்சா?”

லேனி அதை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் எழுதினாள்: ‘பக்கத்தில் இருந்தவர் பார்ப்பாரோ என்று வெட்கப்பட்டு, தெரிந்தே மாற்றிப் போட்டேன். வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாது.’ அம்மா கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிவிட்டு, “ஹோபர்ட் மேல விழுந்த பழியை இந்தத் தாள் எடுக்காது,” என்றாள். “இது தலைநகருக்குப் போற தாள்.”

சனிக்கிழமை காலை. சாலையோரத்துப் பாறையிலிருந்து ஊற்று நீர் ஓர் இரும்புக் குழாய் வழியாக விழும் இடத்தில்தான் பாதி ஊர் குடிநீர் பிடிக்கும். ஏழெட்டு டிரக்குகள் நின்றன. நெல்டாவும் வந்திருந்தாள். ஹோபர்ட் நான்கு பிளாஸ்டிக் கேன்களோடு இறங்கியபோது, தபால்காரர் வெர்னன் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்.

“வழி விடுங்கப்பா, முதலாளி வந்துட்டாரு. ஐயா, உங்களுக்கு எதுக்கு ஊத்துத் தண்ணி? பாட்டில்ல வாங்கிக்கலாமே.”

“அதுல குளிக்கக்கூடச் செய்யலாம்,” என்றாள் பின்னால் ஒருத்தி.

ஹோபர்ட், வரிசையில் தன் முறை வந்ததும் முதல் கேனைக் குழாய்க்கடியில் வைத்து, அது நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

இரண்டு காலி கேன்களோடு வந்திருந்த லேனி, வீட்டிலேயே இந்த இடத்துக்கு ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தாள். அது வரவில்லை.

“அவரு இல்ல,” என்றாள். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். “மிஸ்டர் வெர்னன், அவரு இல்ல. எங்க வீட்டுத் தாள். நான்தான் கூடுதல்னு போட்டேன். நாங்க மூணு பேர்.”

வெர்னன் தொப்பியைக் கையில் வைத்தபடியே நின்றார். “உங்க வீட்டுதா? நீதானேம்மா என் வாசல்ல வந்து, வெட்கப்பட ஒண்ணுமில்லன்னு சொன்ன?”

“ஆமா.”

“என்கிட்டயும் சொன்னா,” என்றாள் பின்னால் நின்றவள். அவள் குரலில் இப்போது கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நெல்டா தன் கேனின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். மூடி எப்போதோ இறுகிவிட்டது. “மறு தாள் நிரப்பிட்டியா?”

“அம்மா கையெழுத்தும் போட்டாச்சு.”

“திங்கக்கிழமை எட்டு மணிக்குக் கொண்டு வா.” அவள் ‘கண்ணு’ என்று சொல்லவில்லை. பிறகு ஹோபர்ட் பக்கம் பார்த்து ஏதோ சொல்லப் போனாள். அவர் அவளைப் பார்க்கவில்லை என்பதால் டிரக்கில் ஏறிப் போய்விட்டாள். வெர்னனும் கிளம்பினார். ஒவ்வொருவராக எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது.

ஹோபர்ட்டின் நான்காவது கேன் நிரம்பியது. லேனி குனிந்து அதன் கைப்பிடியைப் பிடித்தாள்.

“நீ போனப்புறம் ஓப்பல் கேட்டா,” என்றார் அவர், தண்ணீரைப் பார்த்தபடி. “எதுல போட்டீங்கன்னு. கல்யாணமாகி நாப்பத்தேழு வருஷம். கையில எவ்வளவு இருக்குன்னு அவகிட்ட நான் சொன்னதே இல்ல. அன்னிக்குச் சொன்னேன். வாண்டா பொண்ணும் அதுலதான் போட்டிருக்கா, அழாதேன்னேன்.”

“நான் வந்து அவங்ககிட்ட மன்னிப்பு—”

“வராதே. திங்கக்கிழமை அது நிஜமாயிடும்ல? அதுவரைக்கும் அவ அப்படியே நெனச்சிக்கிட்டு இருக்கட்டும்.”

“ஆயிடும், மிஸ்டர் சைப்ஸ். நூத்து முப்பத்தாறு ஆயிடும்.”

அவர் தலையசைத்தார். எண்ணிக்கைக்கா, வேறு எதற்காவதா என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் கையிலிருந்து கேனை வாங்கிக்கொண்டார். பிடுங்கவில்லை, அவள் விடும்வரை காத்திருந்து வாங்கினார்.

“குழாய் வர இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும்னு அந்த டக்கெட் சொன்னாராம்,” என்றார். “அதுவரைக்கும் நான்தானே தூக்கணும்.”

நான்கு கேன்களையும் ஒவ்வொன்றாக டிரக்கில் ஏற்றினார். டிரக் வளைவில் திரும்பும்வரை லேனி நின்றாள். குழாயருகே இப்போது யாரும் இல்லை. தண்ணீர் யாருமில்லாத கல்லின்மேல் விழுந்துகொண்டிருந்தது. இருந்தும் அவள் உடனே போய்ப் பிடிக்கவில்லை. தன் இரண்டு காலி கேன்களையும் எடுத்துக்கொண்டு, வரிசை இருந்திருந்தால் அதன் கடைசி ஆள் எங்கே நின்றிருப்பாரோ அங்கே போய் நின்றாள்.