பதினேழாவது சான்று

கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘லிங்க் அக்கா’. ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் இருக்கும் இணைய முகவரிகளை ஒன்றுவிடாமல் திறந்து பார்ப்பது அவள் வேலை. எழுதியவர் யார், தலைப்பு என்ன, என்றைக்கு வெளியானது, மாணவர் என்றைக்குப் பார்த்தார் எல்லாம் இருக்க வேண்டும். பக்கம் திறந்தால் ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். திறக்காவிட்டால் எடுத்து வைத்த பிரதியையாவது காட்ட வேண்டும். அதுவும் இல்லையா, அந்தச் சான்றின்மேல் ஒரு கோடு. யார் வந்து கெஞ்சினாலும் கோடு கோடுதான். ‘ஆதாரம்: இன்டர்நெட்’ என்று எழுதி வந்த ஒருவனை, “உன் வீட்டு விலாசம் கேட்டா பூமின்னு சொல்லுவியா?” என்று விரட்டி அடித்தவள்.

அன்று காலை முதுகலை மாணவி ஒருத்தி வந்தாள். பஸ்ஸில் ஏறி இறங்க வயதானவர்கள் படும் பாட்டைப் பற்றிய கட்டுரை. பதினாறு சான்றுகள் மளமளவென்று முடிந்தன. பதினேழாவது முகவரியைப் பார்த்ததும் லிங்க் அக்காவுக்குத் திக்கென்றது.

அது அவள் தம்பியின் பக்கம். பஸ் கண்டக்டர். போன வருஷம் வேலையில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை. முப்பத்தெட்டு வயது, அதெல்லாம் போகிற வயதா? உயிரோடு இருந்த காலத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, தரையிலிருந்து பஸ் படி எவ்வளவு உயரம் என்று தையல் டேப்பால் அளந்து, இலவசத் தளம் ஒன்றில் எழுதிவந்தான். “அக்கா, ஒரு தடவை பாரேன். தப்பு கண்டுபிடிக்கிறதுல நீதானே பெரிய ஆளு” என்று முகவரியை அனுப்பி அனுப்பி நச்சரிப்பான்.

“போடா, ஆபீஸ்லயும் லிங்க், வீட்லயும் லிங்க்கா? அப்புறம் பார்க்கறேன்.”

இப்படியே எட்டு மாதம் ஓடியது. அவன் போன பிறகு திறக்க மனசு துணியவில்லை. எங்கே போய்விடப் போகிறது, என்றாவது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். இணையத்தில் எதையும் நம்பாதே, உடனே பிரதி எடு என்று பிள்ளைகளிடம் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்துகிறவள்!

முகவரியை அழுத்தினாள். ‘இந்தச் சேவை நிறுத்தப்பட்டுவிட்டது’ என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். அதே வரிதான்.

“பிரதி எடுத்தியா?” என்று மாணவியிடம் கேட்டாள்.

“இல்ல மேடம். போன மாசம்கூடத் திறந்துச்சு. சாரி மேடம்.”

“போன்ல படமாவது எடுத்திருப்ப. நல்லா தேடும்மா.”

மாணவி தேடினாள். ஒன்றும் இல்லை. பளாரென்று ஒன்று விடலாமா என்று ஆத்திரம் வந்தது. யாருக்கு விடுவது என்றுதான் தெரியவில்லை.

“என்ன எழுதியிருந்தது அதுல?”

“ஒவ்வொரு ஸ்டாப்பும் எத்தனை சென்டிமீட்டர்னு இருந்துச்சு. மார்க்கெட் ஸ்டாப்ல முப்பத்தொன்பது. அங்க ஒரு பெரியவர் ஏற முடியாம மூணு பஸ்ஸை விட்டாராம், செம கோபமா எழுதியிருந்தார். கடைசியில, மீதி இருபது ஸ்டாப்பும் அளந்தாச்சு, எங்க அக்கா பார்த்துச் சரின்னு சொன்னதும் போடறேன்னு இருந்துச்சு மேடம். அதுக்கப்புறம் ஏனோ எதுவுமே போடல.”

ஐயோ, காத்துக்கொண்டிருந்தானா! அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

எழுதியவர் என்ற இடத்தில் மாணவி ‘பெயர் தெரியவில்லை’ என்று போட்டிருந்தாள். அதை அடித்துவிட்டு, தன் தம்பியின் முழுப்பெயரை எழுதினாள் லிங்க் அக்கா.

“உங்களுக்குத் தெரிஞ்சவரா மேடம்?”

“என் தம்பி. போன வருஷம் தவறிட்டான்.”

மாணவி மெதுவாக, “அப்ப அந்த அக்கா நீங்கதானா? நீங்க பார்த்திருப்பீங்களே மேடம். பார்த்தேன்னு எழுதிடுங்க, அவர் பேராவது இருக்கட்டும்” என்றாள்.

ஒரே ஒரு வார்த்தை. எழுதிவிட்டால் இந்த நூலகத்தில் அவன் பெயர் நிலைத்திருக்கும், கேட்பாரும் இல்லை. பேனாவை ஓரத்துக்குக் கொண்டுபோனாள்.

“நான் பார்க்கலையேம்மா,” என்றாள். “எட்டு மாசம் கேட்டான். ஒரு தடவைகூட நான் பார்க்கலையே.”

பெயர் எழுதிய மை காய்வதற்குள் அதன்மேல் அவளே கோட்டைப் போட்டாள்.