எழுத்து வெட்டிய உத்திரம்

கொட்டகலைக் கடைவீதி மாரியம்மன் கோயில் முகப்பில் இருந்த வெள்ளைச் சலவைக்கல் உத்திரம் வீரபத்திரபிள்ளையின் தகப்பனார் போட்டது. தேயிலைத் தோட்டத்துக் கோயில்களுக்கு மரமும் தகரமும் போதும் என்றிருந்த காலத்தில், அவர் இந்தியாவிலிருந்து கப்பலிலும் ரயிலிலுமாகக் கல்லை வரவழைத்தார். நுழைகிறவர்கள் அண்ணாந்து படிக்கவேண்டுமென்று அதன் அடிப்பக்கத்தில் தம் பெயரையும் குடும்பப் பெயரையும் ஆழமாக வெட்டச் சொன்னார். தமது பிரஜாவுரிமை மனு தள்ளுபடியான பிறகு, இந்த நாட்டில் அந்தப் பெயருக்கு இருக்கும் இடம் அது ஒன்றுதான் என்று பிள்ளை எண்ணியிருந்தார்.

இப்போது அந்தப் பெயரின் நடுவில் விரிசல். பங்குனித் திருவிழாவில் தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் சனங்கள் காவடியோடு அதன் கீழேதான் வரவேண்டும்.

நோட்டன் பிரிட்ஜில் இஞ்சினியராக இருந்த மருமகன் முத்துலிங்கம் ஏணியில் ஏறி, விரிசலை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"எழுத்துலருந்துதான் கெளம்பியிருக்கு, மாமா. கல்லு எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தாத் தாங்காது. பாரம் ஏறுனா உத்திரத்துக்கு அடிப்பக்கம்தான் இழுபடும். அங்க போயி வெட்ட வச்சிருக்காங்க."

"எங்கப்பா தப்புப் பண்ணிட்டாருங்கிறீங்களா, மாப்பிள?"

"கல்லு ஆளு பாக்காதுங்க, மாமா."

பிள்ளையின் முகம் இறுகியது. "இரும்புப் பட்டை அடிச்சிருங்க."

"பழங்காலத்துக் கோயில்கள்ல அடிச்சுப் பாத்திருக்காங்க. துருப்பிடிச்சு ஊதி, கல்லையே பொளந்திருச்சு. நம்ம மழைக்குக் கேக்கணுமா?"

"அப்ப நடுவுல ஒரு தூணு."

"நடுவாசல்லயா? சாமி என்ன, கொல்லப்பக்கமா வெளிய வருமா?" என்றாள் பிள்ளையின் மனைவி அன்னம்மா.

"எறக்கித் திருப்பிப் போடலாம்," என்றார் முத்துலிங்கம். "விரிசல் மேல போயிட்டா, பாரமே அதை மூடிரும். முழுசா இருக்கிற பக்கம் கீழ வரும்."

"பேரு?"

"கூரைக்குள்ள போயிரும்."

"ஒண்ணும் வேணாம். சுண்ணாம்பு பூசிருங்க."

அன்னம்மா கணவரைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "காவடிக்காரங்க மேல விழுந்தா, அந்தப் பேரச் சொல்லித்தான் திட்டுவாங்க."

சாயங்காலம் கோயில் வாசலில் தப்பு மேளம் அடிக்கிறவர்கள் ஒத்திகை பார்த்தபோது பிள்ளை உத்திரத்தின் கீழே நிமிர்ந்து நின்றார். தோள் துண்டில் வெள்ளைத் துகள் உதிர்ந்தது. தட்டிவிட்டார். அடி வலுத்ததும் மறுபடி உதிர்ந்தது. இம்முறை தட்டவில்லை.

"காலையில எறக்கச் சொல்லுங்க, மாப்பிள," என்றார்.

கூரைத் தகரத்தைக் கழற்றி, முட்டுக்கொடுத்து, சங்கிலி போட்டு உத்திரத்தை இறக்கிப் புரட்டினார்கள். மணல் மூட்டைகள் மேல் அது எழுத்துகள் வானம் பார்க்கக் கிடந்தது.

"இந்தப் பக்கம் மேல போகுதுங்க. தகரம் ஒழுகுனா எழுத்துக்குள்ள தண்ணி நிக்கும். காரை வச்சு அடைக்கணுங்க," என்றான் கொத்தன் நல்லமுத்து.

பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரண்டிக்குக் கை நீட்டினார். தகப்பனார் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடைத்தார். குடும்பப் பெயருக்கு வந்தபோது காரை ஓரத்தில் சிந்தியது. நல்லமுத்து கரண்டியை வாங்க வந்தான்.

பிள்ளை கொடுக்கவில்லை.