வெட்டி எடுத்த இருபத்திரண்டு நிமிடம்

"எத்தன தடவ ஓட்டிப் பாத்தீங்க?" என்று வெற்றிச்செல்வி கேட்டாள்.

"ரெண்டு தடவதாங்க" என்றான் அறிவரசன். பச்சைப் பொய். முப்பத்தொரு தடவை. ஒவ்வொன்றும் அவனுக்கு ஞாபகம் இருந்தது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் இருந்தது அவள் கடை. செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து போட்டோவோ கணக்கோ எடுக்கவேண்டும் என்றால் ஜெயங்கொண்டத்திலிருந்துகூட அங்கேதான் வருவார்கள். அவள் டிஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரண்டு கொடுக்கவில்லை. மூடியின் ஓரத்தில் விரலை ஓட்டினாள், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். 

"இத ஃப்ரிட்ஜ்ல வச்சீங்களா?"

"ஃப்ரீசர்ல. பிளாஸ்டிக் கவர்ல சுத்தித்தான் வச்சேன். நாலு மணி நேரம். போன்ல ஒருத்தன் வீடியோ போட்டிருந்தான், அப்படி வச்சா வந்துரும்னு."

"அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்" என்றாள் அவள். சிரிக்கவில்லை. "உள்ள தட்டு சுத்துதுல்ல, அதுமேல படாம ஒரு ஊசி ஓடணும் சார். அது ஒடிஞ்சி தட்டுலயே ஒரசுது. டக்கு டக்குனு சத்தம் வந்ததும் பிடுங்கி வச்சிருந்தா பாதிக்கு மேல எடுத்திருக்கலாம். நீங்க ஓட்டுன ஒவ்வொரு தடவையும் அது கீறியிருக்கு. அது பத்தாதுன்னு ஈரம் வேற."

அவன் டிஸ்க் கொண்டுவந்த பையை நாலாக மடித்தான். 

"பேக்கப் எடுக்கற பழக்கமே கெடையாதா ஒங்களுக்கெல்லாம்?"

"மூணு இருக்குங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மூணு பேக்கப் வச்சிருக்கற ஆளு எதுக்கு இதத் தூக்கிக்கிட்டு இங்க வர்றீங்க?"

அந்தக் கேள்விதான் அவனை நாற்காலியில் உட்கார வைத்தது.

கீழப்பழுவூரில் பன்னிரண்டு வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறான் அறிவரசன். பேக்கப் விஷயத்தில் அவனை யாரும் குறை சொல்லிவிட முடியாது. ஒன்று கடையில், ஒன்று வீட்டு பீரோவில், மூன்றாவது திருச்சியில் மச்சான் வீட்டில். இதைச் சொல்லிச் சொல்லியே மற்ற ஸ்டுடியோக்காரர்களின் வாயை அடைத்தவன். ஆனால் மூன்றிலும் இருப்பது முடித்துக் கொடுத்த கல்யாண வீடியோ மட்டும்தான். பாட்டு போட்டு, பூ பறக்கவிட்டு, எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும் வீடியோ. எடுத்தது எடுத்தபடி இருப்பதெல்லாம் ஒரே ஒரு டிஸ்க்கில் கிடக்கும். மெமரி கார்டோ அடுத்த முகூர்த்தத்துக்கே அழிந்துவிடும். வேண்டாததை யாராவது மூன்று இடத்தில் வைப்பார்களா?

வேண்டாதது என்றால் எது என்று கல்யாண வீடியோ எடுக்கிற எவனையும் கேட்டுப்பாருங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வான். பந்தியில் நடந்த தகராறு, தாய்மாமன் கோபித்துக்கொண்டு செருப்பை மாட்டியது, பெண்ணின் அப்பா தூணுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தியது. எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. சண்டை இருக்கிற கல்யாண வீடியோவை எந்த வீட்டிலும் இரண்டாம் தடவை போட்டுப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஜெயசுதாவின் கல்யாணத்தில் அவன் அப்படி வெட்டி எடுத்தது இருபத்திரண்டு நிமிடம். விடியற்காலை முகூர்த்தம். பெண் மணவறையில் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. மாப்பிள்ளை வரவில்லை. வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். சொன்ன வண்டி வந்து நின்றால்தான் என் மகன் இறங்குவான் என்று மாப்பிள்ளையின் அம்மா மண்டபத்து நடுவில் நின்று கையை நீட்டி நீட்டிப் பேசினாள். ஜெயசுதாவின் அம்மா சின்னம்மாள், புருஷனில்லாத மனுஷி, முந்திரிக்கொல்லையில் வேலை பார்த்து மகளை வளர்த்தவள், அத்தனை சனத்துக்கு முன்னால் அந்தச் சம்பந்தியம்மாள் காலில் விழுந்தாள். மணவறை ஓரத்தில் ஸ்டாண்டில் நின்ற கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பதினான்காம் மாதம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சின்னம்மாளுக்குப் போன் வந்தது. வயித்துவலி, திடீரென்று போய்விட்டாள் என்றார்கள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் செத்தால் ஆர்.டி.ஓ. விசாரிப்பார் அல்லவா? முதல் விசாரணையில் மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணை என்ற வார்த்தையே தங்களுக்குத் தெரியாது என்று சாதித்தார்கள். தெரியாததோடு நிற்கவில்லை, அறிவரசன் கொடுத்த வீடியோவையே கொண்டுவந்து போட்டுக் காட்டினார்கள். பாருங்க சார், யாராச்சும் மூஞ்சத் தூக்கி வச்சிருக்காங்களா? பொண்ணு எப்படிச் சிரிக்குது பாருங்க.

அன்றைக்குச் சாயங்காலமே கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்திலிருந்து மூன்று பஸ் மாறி சின்னம்மாள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். "தம்பி, அன்னிக்கி நடந்ததெல்லாம் ஒங்க கேமராவுல இருக்குமில்ல?" என்றாள். "அது இருந்தாப் போதும்னு வக்கீல் சொல்றாரு."

"இருக்குக்கா" என்று அவன் சொல்லிவிட்டான். பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

மறுநாள் டிஸ்க்கை மாட்டினால் டக் டக் என்று ஒரு சத்தம்.  பிடுங்கி மறுபடி மாட்டினான். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ ஒரு விநாடி உயிர் வந்து, ஜெயசுதா என்ற பெயர் திரையில் தெரிந்து மறைந்தது. பாவி, அது மட்டும் தெரியாமல் போயிருந்தால் அப்போதே நிறுத்தியிருப்பான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சாப்பிடாமல்கூட, முப்பத்தொரு தடவை அந்தப் பெயருக்காக மாட்டினான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெற்றிச்செல்வி டிஸ்க்கைத் துணியில் வைத்தாள். "அடுத்த விசாரணை என்னிக்கி?"

"திங்கக்கெழம."

"சனிக்கெழம வாங்க. கீறல் விழாத எடம் எதாச்சும் இருந்தா மெதுவா காப்பி பண்ணிப் பாக்கறேன். நம்பிக்க வச்சுக்காதீங்க."

சனிக்கிழமை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் சின்னம்மாள் அவனுக்கு முன்பே வந்து நின்றாள். வெளுத்த நீலப் புடவை, கையில் மஞ்சள் பை. பெரம்பலூர் பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது, அவன் பக்கத்தில் நின்றான். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தான். மிச்சத்தையும் சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் நினைத்தான். அக்கா, அது தானா கெடலக்கா, நான்தான் கெடுத்தேன். இரண்டு தடவை வாயைத் திறந்தான். இரண்டாம் தடவை அவள் நிமிர்ந்து, "சாப்பிட்டீங்களா தம்பி?" என்றாள். சாப்பிட்டேன் என்றான். அதுவும் பொய்.

வெற்றிச்செல்வி அவளுக்கு நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு அறிவரசனைப் பார்க்காமலே பேசினாள்.

"அன்னிக்கி எடுத்த பைல் இருக்குங்கம்மா. ஆனா பூராவும் செதஞ்சிருச்சி. நாலு நாளா ஓட்டுனதுல நாப்பத்தோரு செகண்டுதான் உருப்படியா வந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மா பேசுறது அதுல இல்ல."

"சென்னையில குடுத்துப் பாத்தா?" என்று கேட்டான் அறிவரசன்.

"தட்டுலயே கீறல் சார். எங்க குடுத்தாலும் இதான்."

சின்னம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வந்தத போடும்மா" என்றாள்.

திரையில் மணவறை வந்தது. ஜெயசுதா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மாலை, பக்கத்து மனை காலி. சண்டைச் சத்தம் வெளியே கேட்காமலிருக்க யாரோ கையைக் காட்டியிருக்க வேண்டும், மேளக்காரர்கள் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் யார் பேசினாலும் காதில் விழாது. சின்னம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்து திரையில் முகத்தைப் பதிப்பதுபோல் குனிந்தாள். ஜெயசுதா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேமராவின் பக்கம், அதன் அருகே நின்றவனின் பக்கம் திரும்பினாள். மைக் அவளுக்குக் கிட்டத்திலேயே இருந்ததால் மேளத்தையும் மீறி அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, எங்கம்மாவ கூப்புடுங்கண்ணே. எனக்கு வேணாம்ணே. நாங்க வூட்டுக்குப் போயிடுறோம்."

 சத்தியமாக அறிவரசனுக்கு இது நினைவில்லை. அந்த மாதத்தில் மட்டும் எத்தனை கல்யாணம், எத்தனை பெண்கள் அழுதார்கள். இதைச் சொன்னாளா? என்னிடமா சொன்னாள்? அதற்கு நான் என்ன சொன்னேன்?

அவன் கேட்பதற்குள் திரையே சொன்னது. ஆள் தெரியவில்லை, குரல் மட்டும். அவன் குரல்தான்.

"அழுவாதம்மா, மை கலையுது பாரு. இதெல்லாம் வீடியோவுல வராது, அண்ணன் பாத்துக்கறேன். எங்க, இங்க பாத்து கொஞ்சம் சிரி."

ஜெயசுதா மருதாணிக் கையின் புறத்தால் கண்ணுக்குக் கீழே ஒற்றிக்கொண்டாள். கேமராவைப் பார்த்தாள். சிரித்தாள். அவன் கொடுத்த வீடியோவில், பாட்டு தொடங்கும் இடத்தில் இருக்கும் அதே சிரிப்பு. முகம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து நின்றுவிட்டது.

கீழே மருந்துக்கடையில் யாரோ மாத்திரையின் பெயரைச் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெற்றிச்செல்வி மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அறிவரசன் "அக்கா" என்றான். சின்னம்மாள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"என்னையக் கூப்பிட்டிருக்கு" என்றாள். "நான் அந்தம்மா காலடியில கெடந்தேன்." பிறகு, "மறுபடி போடும்மா" என்றாள்.

வெற்றிச்செல்வி போட்டாள். மேளம் எழுந்தது. ஜெயசுதா வாசலைப் பார்த்தாள், கேமரா பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். "அம்மா இங்கதான் இருக்கேன்டி" என்று சின்னம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தாள். பை மடியிலிருந்து நழுவி விழுந்தது. அவள் கையை நீட்டித் திரையைத் தொடுவதற்குள் அவன் குரல் குறுக்கே வந்துவிட்டது. ஜெயசுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து சிரித்தாள்.