பூட்டு இல்லாத பெட்டி

உங்க வீட்டுல பதினேழு வயசுப் புள்ள இருக்கா? இருந்தா, அது கையில இருக்கற போனை வாங்கி, ஒரு ராத்திரி பூரா திருப்பிக் குடுக்காம வச்சிருந்திருக்கீங்களா?

ஜெய்சங்கர் வச்சிருந்தாரு. ஒரு ராத்திரி இல்ல, தெனமும். அப்படித்தான் அவரு நெனச்சுக்கிட்டு இருந்தாரு.

அவருக்கு அரியமங்கலம் எஸ்டேட்ல தகட்டு வேலை பண்ற பட்டறை. பிராக்கெட்டு, பைப் தாங்கி, பெரிய கம்பெனிக்காரங்க வரைஞ்சு குடுக்கறது எதுவா இருந்தாலும் செய்வாரு. வீடு ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டுல. பொண்டாட்டி மகாலட்சுமி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடையில பில் போடறாங்க. ஒரே பொண்ணு இளவேனில், பிளஸ் டூ.

பத்தாவதுல கணக்குல சென்டம் எடுத்த பொண்ணு. இந்த அரையாண்டுல பிசிக்ஸ்ல தட்டுத் தடுமாறிப் பாஸ். மார்ச்சுல பப்ளிக் பரீட்சை. புள்ள புஸ்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டுத்தான் உக்காரும், ஆனா கண்ணு மடியில இருக்கும். மடியில போன். கூப்பிட்டா "ம்"னு சொல்லும். சாப்பாடு போட்டா எதைச் சாப்பிட்டோம்னே தெரியாது. திட்டிப் பாத்தாச்சு, கெஞ்சிப் பாத்தாச்சு. கடைசியில ஜெய்சங்கர் தனக்குத் தெரிஞ்ச வழிக்கு வந்தாரு. ரெண்டு எம்.எம். தகட்டுல ஒரு பெட்டி செஞ்சாரு. கீல் வச்சு மூடி, மூடிக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு. சாவி அவரோட அரணாக்கயித்துல.

"குளிக்கறப்பவும் கழட்ட மாட்டேன், பாத்துக்க"ன்னாரு பொண்ணுகிட்ட.

"சரிப்பா"ன்னுச்சு அது. சண்டை இல்ல, அழுகை இல்ல. சாயங்காலம் வந்ததும் போனைத் தானே உள்ள வைக்கும். காலையில அவரு தொறந்து குடுப்பாரு. பூட்டு பூட்டினபடியே இருக்கும்.

அவருக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியல. பட்டறையில கூட வேலை பாக்கற இன்னாசிராஜ்கிட்ட டீ குடிக்கறப்பல்லாம் இதே பேச்சு.

"புள்ள வளக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லைய்யா. பெட்டி கனமா இருக்கணும், பூட்டு நல்லதா இருக்கணும்."

"உம் பொண்ணு உன்னைய மாதிரி இருந்தா இத்தனை லேசுல அடங்காதே"ன்னாரு இன்னாசிராஜ். ஜெய்சங்கர் அதையும் பாராட்டாவே எடுத்துக்கிட்டாரு.

டீக்கடைக்காரரு தன் பையனுக்கு ஒரு பெட்டி கேட்டாரு. செஞ்சு குடுத்தாரு. ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங்ல எழுந்து நின்னு பெட்டியைப் பத்திப் பேசுனாரு. அப்பாமாருங்க நாலஞ்சு பேரு பட்டறை அட்ரஸ் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. இளவேனில் பக்கத்துல தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்துச்சு. வெக்கம்னு நெனச்சாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை, புதுசா பெட்டி கேட்டவருக்குக் காட்டலாம்னு வீட்டுப் பெட்டியைத் தூக்குனாரு. விரல்ல பிசுக்குன்னு ஏதோ ஒட்டுச்சு. மோந்து பாத்தாரு. தேங்காய் எண்ணெய். கீல்ல எதுக்குத் தேங்காய் எண்ணெய்? கட்டை விரலால கீலைக் கோத்திருக்கற ஊசியை லேசாத் தள்ளுனாரு. சும்மா வெண்ணெய்ல கத்தி போற மாதிரி வழுக்கிக்கிட்டு வெளிய வந்துச்சு. மூடி பின்பக்கமாத் தொறந்துக்கிச்சு. முன்னாடி திண்டுக்கல் பூட்டு பூட்டினபடியே தொங்குது.

அப்பத்தான் அவருக்கு உறைச்சுது. ஊசி கழண்டு வராம இருக்க அதோட முனையைச் சுத்தியலால நசுக்கணும். பெயிண்ட் அடிக்கறதுக்கு மூடியைக் கழட்டணுமேன்னு நசுக்காம விட்டவரு, அப்புறம் நசுக்கவே மறந்துட்டாரு. இந்தப் பெட்டியில மட்டும் இல்ல, குடுத்த பெட்டி அத்தனையிலயும்.

"இளவேனிலு!"

வந்துச்சு. பெட்டி நிக்கற கோலத்தைப் பாத்துச்சு.

"எத்தனை நாளா இது?"

"முதல் நாள்லேருந்து."

"அடிப்பாவி! சத்தமே கேக்கலையேடி?"

"அதுக்குத்தான் எண்ணெய்."

உள்ளேருந்து மகாலட்சுமி சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. ஜெய்சங்கருக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. மீட்டிங்ல எழுந்து நின்னு பேசுனது கண்ணுக்கு முன்னாடி வந்துட்டுப் போச்சு. திட்டறதுக்கு வாயைத் தொறந்தவரு, கையில இருந்த ஊசியைத் திருப்பிப் பாத்தாரு. ஒரு கீறல் இல்ல. கீல்லயும் பெயிண்ட் பேரல. எத்தனை தடவை கழட்டி மாட்டியிருக்கும்!

"எதால தட்டுன?"

"தட்டலப்பா. தட்டுனா கேக்கும்ல? காம்பஸ் முனையால தள்ளுனேன்."

"வேலை சுத்தமாத்தான் இருக்கு"ன்னு அவரு வாயிலேருந்து வந்துருச்சு. சொன்ன பெறகுதான் நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு.

இளவேனில் சிரிக்கும்னு பாத்தாரு. அது அழுதுச்சு.

"ஜெயிச்சுட்டேன்னு நெனக்கிறீங்களாப்பா? என்னால ஒரு பக்கம் முழுசாப் படிக்க முடியல. பாதிப் பக்கத்துலயே கை போனைத் தேடுது. போன் பக்கத்துல இல்லாதப்பவும் தேடுது. சென்டம் எடுத்தது நான்தானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

அவருக்குக் கோவம் போன எடம் தெரியல. பக்கத்துல உக்காந்தாரு.

"எங்க வயசுல அப்படித்தானாம்"ன்னுச்சு மூக்கை உறிஞ்சிக்கிட்டு. "மூளையில வேணும் வேணும்னு கேக்கற பகுதி முன்னாடியே வேலையை ஆரம்பிச்சிருமாம். போதும்னு சொல்ற பகுதி நெத்திக்குப் பின்னாடி இருக்காம். அது முழுசாத் தயாராக இருபத்தஞ்சு வயசு ஆகுமாம்."

"இதை எங்க படிச்ச?"

"போன்லதான்."

"எனக்கு நாப்பத்தாறு ஆவுது. நேத்து பிரியாணி சாப்பிட்டப்ப அந்தப் பகுதி எங்க போயிருந்துச்சுன்னு தெரியல"ன்னாரு. அது அழுகையோடவே சிரிச்சுச்சு. அவரு சொன்னாரு, "இன்னொரு பெட்டி செஞ்சாலும் நீ தொறந்துருவ பாப்பா. என் ரத்தம். என்ன பண்ணலாம், நீயே சொல்லு."

அது அந்த வாரம் பூரா யோசிச்சுச்சு. சனிக்கிழமை ஸ்கூல் லீவு. அவரோட வண்டியில ஏறிப் பட்டறைக்கு வந்து, தகட்டு மேல சாக்பீஸால ஒரு பெட்டி வரைஞ்சுது. கீல் கிடையாது. பூட்டு கிடையாது. மூடியைச் சுத்தி எட்டு போல்ட்டு.

"ஸ்பேனர் இங்க பட்டறையில இருக்கட்டும். அப்படித்தான?"ன்னாரு ஜெய்சங்கர்.

"இல்லப்பா. வீட்டுல, பெட்டி மேலயே இருக்கட்டும்."

இன்னாசிராஜ் வெல்டிங் கண்ணாடியை நெத்திக்குத் தூக்கிக்கிட்டுக் கேட்டாரு, "ஸ்பேனரைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டா அப்புறம் எட்டு போல்ட்டு எதுக்கும்மா? அழகுக்கா?"

"மாமா, போனை எடுக்கணும்னு தோணறது ஒரு நொடிதான். கைக்கு எட்டுற மாதிரி இருந்தா அந்த ஒரு நொடியிலயே எடுத்துருவேன். எட்டு போல்ட்டு கழட்டறதுக்குள்ள, நான் எதுக்கு இதைப் பண்றேன்னு எனக்கு யோசிக்க நேரம் கெடைக்கும்ல? பூட்டு போட்டா உங்களை எப்படி ஏமாத்தறதுன்னுதான் யோசிப்பேன். இதுல யாரை ஏமாத்தறது?"

இன்னாசிராஜ் ஜெய்சங்கரைத் திரும்பிப் பாத்தாரு. "யோவ், நீ மீட்டிங்ல போய்ப் பேசுனியே. இந்தப் புள்ளையை இல்ல பேச விட்டிருக்கணும்!"

தகட்டை ஜெய்சங்கர் வெட்டுனாரு. டிரில்லிங் மெஷின்ல நின்னு ஓட்டை போட்டது இளவேனில். நட்டு எல்லாத்தையும் உள்பக்கமா வச்சு வெல்டு அடிச்சது இன்னாசிராஜ். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டப்பதான், காலையிலேருந்து பையில இருந்த போனை வெளிய எடுக்கவே இல்லைங்கறது அதுக்கே தெரிஞ்சுது. சொல்லிச் சொல்லிச் சிரிச்சுச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் பெட்டி ஹால்ல மேசை மேல. போன் உள்ள, ஸ்பேனர் மூடி மேல. இளவேனில் பிசிக்ஸ் புஸ்தகத்தோட உக்காந்துச்சு. ஜெய்சங்கர் அடுப்படியில வெங்காயம் அரிஞ்சிக்கிட்டு இருந்தாரு. கொஞ்ச நேரத்துல போன் உள்ள அதிர்ந்துச்சு. தகட்டுப் பெட்டிக்குள்ள அது வண்டு மாட்டுன மாதிரி கர்ருன்னு கேட்டுச்சு. நாற்காலி நகர்ற சத்தம். அப்புறம் ஸ்பேனர் சத்தம்.

மகாலட்சுமி கிசுகிசுன்னு சொன்னாங்க, "என்னங்க, கழட்டறா. போய்ப் பாருங்க."

"பாக்க மாட்டேன்."

"புள்ள தொறந்துருவா."

"தொறந்தா தொறக்கட்டும். அது அதோட பெட்டி."

சொல்லிட்டாரே தவிர, வெங்காயத்துல கத்தி நகரல. ஒரு போல்ட்டு கழண்டுச்சு. இன்னொண்ணு. மூணாவது. அப்புறம் சத்தமே இல்ல. திரும்பவும் ஸ்பேனர் சத்தம் வந்துச்சு. இருபது வருஷமா போல்ட்டு சத்தம் கேட்டுப் பழகுன காது அது. இது கழட்டற சத்தம் இல்ல, முறுக்குற சத்தம். கடைசியில போல்ட்டு இறுகறப்ப 'கிறீச்'சுன்னு ஒண்ணு வரும்ல, அது வந்துச்சு. மூணு தடவை வந்துச்சு.

அதுக்குப் பெறகு ரொம்ப நேரம் ஹால்ல பக்கம் திருப்பற சத்தம் மட்டும்தான்.

"ஏங்க, அழறீங்களா?"ன்னாங்க மகாலட்சுமி.

"வெங்காயம்."

"பெருமையா இருக்குன்னு சொன்னாத்தான் என்ன?"

"எனக்கு என்ன பெருமை? ஒரு கீல் ஊசியை நசுக்கத் தெரியாதவன். பெருமையெல்லாம் அவளுக்குத்தான்"ன்னாரு. சொல்றப்பவே மூஞ்சி பூரா சிரிப்பு.

மறுநாள் காலையில ஜெய்சங்கர் எழுந்து ஹாலுக்கு வந்தப்ப, ஆறு போல்ட்டு மேசை மேல கழட்டிக் கெடந்துச்சு. ரெண்டு போல்ட்டு பெட்டியிலயே முறுக்கினபடி இருந்துச்சு. ராத்திரி ஆறு வரைக்கும் கழட்டிட்டு அதோட நிறுத்தியிருக்கு. போன் உள்ளதான் இருந்துச்சு. அவரு எதையும் தொடல. இளவேனில் எழுந்து வந்து, ஆறையும் திரும்ப மாட்டி முறுக்கிட்டு, பல்லு வெளக்கப் போச்சு.