சுண்ணாம்புப் புள்ளி

"விடுங்க சித்தப்பா" என்று துப்பாக்கிக் கட்டையைத் தன் பக்கம் இழுத்தாள் ஆறுமுகத்தாய். நல்லக்கண்ணு குழலை விடவில்லை. வெளியே அவளுடைய அய்யாவைக் குளிப்பாட்டிக் கோடித்துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். இழவு வீட்டுக்குள் இப்படி இழுபறி போடுவது அவளுக்கே அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் விட்டால் போச்சு.

துப்பாக்கிக்காரர் செத்தால், பாடை தூக்கும்போது அவர் துப்பாக்கியாலேயே ஒரு வேட்டுப் போடுவது அந்த ஊர் வழக்கம். போட்டவர் பெயரைத்தான் கிராம முன்சீப் இராமச்சந்திரன் அடுத்த லைசென்ஸுக்கு எழுதி அனுப்புவார். ஆறுமுகத்தாயின் புருஷனுக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். எட்டு ஏக்கர் கரிசலும் அவள் தலையில்தான். துப்பாக்கி கைமாறினால் சோளமும் கம்பும் காட்டுப்பன்றிக்குத்தான்.

"பன்னெண்டு போரு, பெரிய குழலு, ஏட்டி. உதைச்சா தோள்பட்ட எறங்கிரும். போன தடவ சுட்டுட்டு மல்லாக்க விழுந்தியே, மறந்துட்டியா?" என்றார் நல்லக்கண்ணு.

எங்கே மறப்பது? ஒரு மாதம் தோள் கன்றிக் கிடந்தது. அன்றிலிருந்து அய்யாவை அரித்தெடுத்தாள். மதுரைக் கடையில் இருபது போர் என்று சின்னக் குழல் துப்பாக்கி இருக்கிறதாம், உதை கம்மியாம், வாங்கித் தாங்க என்றால் "அது பன்னிக்குப் பத்தாது" என்பார். அப்போ ரைஃபிள் பாருங்க என்றால் "அதுக்கு லைசென்சு தரமாட்டான்" என்பார். பிறகு "பாப்போம்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். எட்டு மாதமாக இதே பாட்டு. நேற்றுக் காலைகூட, "ஒங்கள நம்புனா பன்னிதான் வெதைக்கணும், பன்னிதான் அறுக்கணும்" என்று கத்திவிட்டாள். அவர் கஞ்சியைக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போனார். மத்தியானம் நெஞ்சடைத்துப் போனவரைக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். செத்த மனுஷன்மேல் இன்னும் கோபம் ஆறவில்லையே என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

முன்சீப் வாசலில் வந்து நின்றார். "நேரமாவுது நல்லக்கண்ணு. ஒத்தப் பிள்ள, அவளே போடட்டும். விழாம நின்னுட்டான்னா அவ பேரையே எழுதுதேன்."

"விழுந்து மானத்த வாங்காத" என்று குழலை விட்டார் நல்லக்கண்ணு.

அவள் அய்யாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பித்தளைத் தோட்டாக்களுக்கு அவரே வெடிமருந்து இடித்து அடைப்பார். வழக்கமான டப்பா காலி. பக்கத்து மூக்குப்பொடி டப்பாவில் மூன்று தோட்டாக்கள் இருந்தன. அவற்றின் அடியில் சுண்ணாம்புப் புள்ளிகள்: ஒன்றில் ஒன்று, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. யோசிக்க நேரமில்லை. மேலே கிடந்த ஒற்றைப் புள்ளியை எடுத்துக் குழலில் போட்டாள்.

பாடை எழும்பியது. பெண்களின் அழுகை உச்சத்துக்குப் போனது. காலை அகட்டி, பல்லைக் கடித்து, வானத்தைப் பார்த்துச் சுட்டாள்.

தோளில் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

"அசையலையே!" என்றார் முன்சீப். "பேர எழுதிருதேன், தாயி."

"இதென்ன வேட்டு, சீனிவெடி கணக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டே நல்லக்கண்ணு பாடைக்குத் தோள் கொடுக்கப் போனார்.

அவளுக்கும் அதுதான் புரியவில்லை. அண்ணாந்து பார்த்தாள். மேலேயிருந்து பஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. தேங்காய் நார் வைத்து அடைக்கிற மனுஷன், பாதி மருந்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பஞ்சைத் திணித்திருக்கிறார். கருகிய துணுக்கு ஒன்று அவள் கையில் வந்து விழுந்தது, இன்னும் சுட்டது.

தெருமுக்கு வரை அழுதுகொண்டு போய்விட்டுப் பெண்கள் திரும்பினார்கள். அவள் உள்ளே போய்ப் பொடிடப்பாவைத் திறந்து மிச்சமிருந்த இரண்டின் புள்ளிகளையும் தடவிப் பார்த்தாள். முதலில் பாதி மருந்து. அப்புறம் கொஞ்சம் கூட. அப்புறம் முழுசு, அவள் தோள் பழகப் பழக. அய்யா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஏட்டி, குளிக்க வா" என்று கூப்பிட்டாள் சித்தி சீனித்தாய்.

"வாரேன்" என்றாள். இரண்டு புள்ளி வைத்த தோட்டாவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.