பெட்டி மேல் அச்சான எண்

எங்கள் அலுவலகத்தில் கிருமி செத்ததா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. கிருமி சாகும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்றுதான் பார்ப்போம். சிரிக்காதீர்கள், சட்டமே அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகளைச் சாக்ஸ், சீப்பு, குழந்தை பொம்மை என்று எதில் வேண்டுமானாலும் ஏற்றி விற்றுக்கொள்ளலாம். ‘கிருமியைக் கொல்லும்’ என்று பெட்டியில் போட்டால் மட்டும் எங்களிடம் பதிவு செய்ய வேண்டும். எவ்வளவு வெள்ளி, எத்தனை சலவைக்கு நிற்கும், புண்ணில் பட்டால் என்ன ஆகும், சாக்கடையில் கலந்தால் என்ன ஆகும் என்று சோதனை முடிவுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். அந்த வார்த்தையை எடுத்துவிட்டாலோ எங்களுக்கும் அந்தப் பொருளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒன்பது வருஷமாக நாலாம் பிரிவில் உட்கார்ந்து இந்த வார்த்தை வேட்டையைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

என் அக்கா பஸ் கண்டக்டர். என்னைவிட ஆறு வயது மூத்தவள். வாய் அறுபது மடங்கு அதிகம். எட்டு மணி நேரம் நின்றபடியே டிக்கெட் கிழித்துவிட்டு வந்து, வீட்டிலும் உட்காரமாட்டாள். சர்க்கரை வியாதி வந்து பதினோரு வருஷம். மாத்திரையை விழுங்குவதோடு சரி, அந்த வியாதியை அவள் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. மாடியில் நான், கீழே அவள். நான் வெறும் உதவியாளன்தான் என்று நூறு தடவை சொல்லியும் கேட்காமல், டிப்போ முழுக்க “என் தம்பி ஆபீசர்” என்று தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள்.

போன வருஷம் ஒரு சாக்ஸ் பெட்டி என் மேஜைக்கு வந்தது. ‘வெள்ளி நூல். கிருமியைக் கொல்லும். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைக் காக்கும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதிவு செய், இல்லையென்றால் இந்த வாசகங்களை எடு என்று காரமாக ஒரு கடிதம் போட்டேன். மூன்றே வாரத்தில் புதுப் பெட்டி வந்துவிட்டது. கிருமியைக் காணோம், புண்ணைக் காணோம். ‘நாள் முழுக்கப் புத்துணர்ச்சி’ என்று மட்டும் இருந்தது. உள்ளே அதே சாக்ஸ். ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொரு வரி: ‘அரசுத் துறைக் கடிதம் நா.பி. 4/212-இன்படி.’ அது என் கடிதத்தின் எண். எடு என்று நான் திட்டின கடிதத்தையே சான்றிதழ் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். எப்பேர்ப்பட்ட கில்லாடி பாருங்கள்!

கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

“நம்பர் போடக்கூடாதுன்னு விதியில எங்கயாவது இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன? ஃபைலை மூடுங்க. ஓசியில உங்களுக்கு விளம்பரம் குடுத்திருக்கான்யா.”

இரண்டு பேரும் சிரித்தோம். ‘வாசகம் நீக்கப்பட்டது. மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதிக் கோப்பை மூடினேன்.

மறைப்பானேன், எனக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. என் பெயர் அச்சில் வந்ததே பரீட்சை ஹால் டிக்கெட்டில்தான். இப்போது கடை கடையாக என் எண் தொங்கப்போகிறது. மாதிரிப் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய் அக்காவிடம் நீட்டினேன்.

“இது என் நம்பர்க்கா. நாலாம் பிரிவு, நான் போட்ட லெட்டர்.”

அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அடேயப்பா! அப்ப இதை நீதான் பாஸ் பண்ணியா?”

“அப்படித்தான் வச்சுக்கோயேன்” என்றேன்.

அதைச் சொன்ன வாயில் மண்ணைத்தான் போட வேண்டும். விளக்கம் சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அவள் கடைக்குப் போய் ஆறு ஜோடி வாங்கியது எனக்குத் தெரியாது. கால் புண்ணுக்கு ரொம்ப நல்லதும்மா என்று கடைக்காரன் வாயால் சொல்லியிருக்கிறான். வாயால் சொல்வது எங்கள் விதிக்குள் வராது. ஷூ கடித்து அவளுக்கு இடது கால் சுண்டுவிரலில் புண் வந்திருந்தது. டாக்டரிடம் போனால் நிற்காதே என்பார். நிற்க முடியாத கண்டக்டருக்குப் பஸ்ஸில் என்ன வேலை? யாரிடமும் மூச்சுவிடாமல் சாக்ஸை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனாள். கறுப்புத் துணியில் கசிவு தெரியவில்லை. சர்க்கரையில் மரத்துப்போன காலில் வலியும் தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தாள். அவளோடு ஓடும் டிரைவருக்கு டிப்போவில் ஹாரன் என்று பெயர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். அந்த மனுஷன் பயணிகளோடேயே பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டிவந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் சாக்ஸைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். துணியோடு தோலும் சேர்ந்து வந்தது.

டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“முழங்காலுக்குக் கீழ எடுக்கணும், இன்னைக்கே. ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா விரலோட போயிருக்கும்.” என்னை ஏறிட்டுப் பார்த்தார். “இப்படி ஒரு புண்ணை வச்சுக்கிட்டு ஏம்மா வரலைன்னு கேட்டேன். கவர்மென்ட் பாஸ் பண்ண சாக்ஸ் போட்டிருக்கேன்னாங்க. எவன் சார் அதைப் பாஸ் பண்ணான்?”

“தெரியலைங்க” என்றேன்.

சம்மதக் கையெழுத்தை என்னிடம்தான் வாங்கினார்கள்.

ஐந்து நாள் கழித்து ஒரு மத்தியானம், அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

“எதுக்குடா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? இனிமே ஒரு ஷூ வாங்கினாப் போதும், லாபம்தானே” என்றாள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

“ஹாரன் காலையில வந்தான்டா. அவனுக்கும் சுகர். குதிகால்ல வெடிப்பு வந்து புண்ணாகியிருக்காம், பயப்படறான். ஒண்ணும் ஆகாது, சாக்ஸைக் கழட்டாம போடுன்னு சொல்லி அனுப்பினேன். நான்தான் அவனுக்கு வாங்கிக் குடுத்தேன். டிப்போல ஒன்பது பேர் போடறாங்க, எல்லாம் என் தம்பி பாஸ் பண்ணதுன்னு நான் சொல்லித்தான். எனக்குத்தான் குடுத்து வைக்கலை. அவனுக்குச் சரியாயிடும்ல?”

ஆரஞ்சைக் கீழே வைத்தேன்.

“அக்கா, நான் அதைப் பாஸ் பண்ணலை.”

“என்னடா சொல்றே? அந்த நம்பர்?”

“கிருமியைக் கொல்லும்னு எழுதாதேன்னு நான் போட்ட லெட்டர் நம்பர் அது. எழுத்தை எடுத்தாங்க, நான் ஃபைலை மூடிட்டேன். சாக்ஸை யாரும் சோதிக்கவே இல்லக்கா.”

“அன்னைக்குக் கேட்டேனே. ஆமாங்கிற மாதிரி சொன்னியே.”

“பெருமைக்குச் சொன்னேன்.”

அவள் என்னை அடித்திருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். “போனை எடு. ஹாரனைக் கூப்பிட்டு நீயே சொல்லு.”

சொன்னேன். அதை நான் பாஸ் பண்ணவில்லை, யாரும் சோதிக்கவும் இல்லை என்றேன்; அந்த எண் என்னுடையது என்று சொல்வதற்குள் ஸ்பீக்கரில் ஹாரனின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

“என்ன சார் இப்படிக் குண்டைத் தூக்கிப் போடறீங்க? அப்ப எவன் சார் நம்பர் குடுத்தான்? விடக்கூடாது சார். அக்கா காலே போயிடுச்சு. டிப்போல எல்லாரும் கையெழுத்துப் போட்டு மேல அனுப்புறோம். எந்த ஆபீசர்னு மட்டும் சொல்லுங்க, அவன் வேலை போகாம நான் ஓயமாட்டேன்.”

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். அக்கா எட்டிப் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஆபீசர் யாரும் குடுக்கலைப்பா. என் தம்பி அப்பவே அதைப் போடாதேக்கான்னுதான் சொன்னான். நான்தான் கேக்கலை. உங்ககிட்ட பாஸ் பண்ணதுன்னு பொய் சொல்லிட்டேன், ஒரு பெருமைக்கு. நீ இப்பவே அதைக் கழட்டிட்டு டாக்டர்கிட்ட ஓடு.”

ஹாரனின் குரல் சட்டென்று இறங்கியது.

“நீங்களாக்கா?” என்றார். “உங்களை நம்பித்தானேக்கா போட்டோம்.” போன் அணைந்தது.

அவள் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. போனை என்னிடம் நீட்டி, “அடுத்த ஆளுக்குப் போடு” என்றாள்.

மீதி எட்டுப் பேரிடமும் அதையேதான் சொன்னாள். இரண்டு பேர் ஏசினார்கள், ஒருத்தி அழுதாள். ஒவ்வொரு எண்ணையும் நான்தான் அழுத்தி அவள் காதருகில் பிடித்தேன். பொய் சொன்னது அக்கா இல்லை, நான்தான் என்று அந்த எட்டு முறையில் ஒரு முறைகூட நான் சொல்லவில்லை.